மூக்கைத் தாழ்த்துங்கள்: சிறு விமான விபத்துகள் பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

26 ஆண்டுகள் ஒற்றை இன்ஜின் விமானங்களில் பயிற்சி அளித்திருக்கிறேன். புரொப்பல்லர் விமானங்கள் ஏன் விழுகின்றன, அதில் போனவர்கள் ஏன் பிழைப்பதில்லை என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பெரிய ஜெட் விமானங்கள் என் துறை அல்ல.

சேலத்திலிருந்து ஓர் ஆசிரியர்: சிறிய விமானம் விழுந்தது என்றாலே "இன்ஜின் கோளாறு" என்றுதான் படிக்கிறோம். முதல் காரணம் அதுதானா?

இல்லை ஐயா. இன்ஜின் நின்ற விமானம் கல்லைப்போல் விழுவதில்லை. செஸ்னா 172, இன்ஜின் ஓடாவிட்டாலும் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றரைக் கடல் மைல் சறுக்கிச் செல்லும். ஒரு வயலோ தரிசு நிலமோ கிடைத்து, கட்டுப்பாட்டுடன் இறக்கினால் உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் நடந்தே வெளியே வந்துவிடுவார்கள். உயிர் பறிக்கும் சிறு விமான விபத்துகளில் முதலிடம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது வேறொன்றை: நன்றாகப் பறந்துகொண்டிருக்கும் விமானம் விமானியின் கட்டுப்பாட்டை விட்டு நழுவுவது. அதில் பெரும்பங்கு ஸ்டால்.

காரில் இன்ஜின் நின்றுபோவதையும் ஸ்டால் என்பதால் குழப்பம் வருகிறது. விமானத்தில் ஸ்டால் ஆவது இறக்கை. காற்றை அது சந்திக்கும் கோணம் அளவு மீறினால், மேற்புறத்தை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடும். இன்ஜின் முழு விசையில் முழங்கினாலும் இறக்கை தூக்காது. மூக்கைத் தாழ்த்தி அந்தக் கோணத்தைக் குறைத்தால் இறக்கைக்கு உயிர் வந்துவிடும். ஆனால் தரை நெருங்கி வரும்போது மூக்கைத் தாழ்த்த மனிதக் கை மறுக்கிறது. அது பின்னால்தான் இழுக்கிறது.

இதை நான் ஒரு மாணவரிடம் கண்ணெதிரே பார்த்தேன். ஓடுபாதைக்கு நேராக வரும் கடைசித் திருப்பம். பக்கக்காற்று தள்ளியதில் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டார். மேலும் சாய்க்கப் பயந்து, வால் சுக்கானை (ரடர்) அசைக்கும் உட்பக்கப் பெடலை மிதித்து மூக்கைத் திருப்பப் பார்த்தார். மூக்கு கீழே சரிந்தது. உடனே கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னால் இழுத்தார். செஸ்னாவின் இறக்கை முன்விளிம்பில் ஒரு சிறு துளை உண்டு. ஸ்டால் நெருங்கும்போது அதன் வழியே காற்று உறிஞ்சப்பட்டு, ஆர்மோனியத்தில் இருப்பதுபோன்ற ஒரு மெல்லிய நாக்கு அதிர்ந்து ஊளையிடும். அந்த ஒலி எழுந்தபோது நாங்கள் 400 அடியில் இருந்தோம். அவர் கையின்மேல் என் கையை வைத்து முன்னால் தள்ளினேன், பெடலை நேராக்கினேன், முழு விசை கொடுத்தேன். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் ஓர் இறக்கை மட்டும் முதலில் விழுந்து விமானம் சுழலத் தொடங்கியிருக்கும். அதை நிறுத்தி மீள 400 அடி போதாது. இன்ஜின் அப்போது எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு கல்லூரி மாணவி: இதெல்லாம் கற்றுக்கொள்பவர்கள் செய்யும் தவறு. பயணிகளை ஏற்றிச் செல்லும் தொழில்முறை விமானிகள் இப்படிச் செய்வார்களா?

செய்திருக்கிறார்கள் அம்மா. 2009 பிப்ரவரி 12 இரவு, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரை நெருங்கிக்கொண்டிருந்தது கோல்கன் ஏர் 3407. இரட்டைப் புரொப்பல்லர் கொண்ட டேஷ் 8 க்யூ400 விமானம். சக்கரங்களையும் இறக்கையின் பின்விளிம்பு மடல்களையும் இறக்கியதில் வேகம் குறைந்துகொண்டே வந்தது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை. ஸ்டால் எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிரத் தொடங்கியதும் தலைமை விமானி அதைப் பின்னால் இழுத்தார். தண்டைத் தானாகவே முன்னால் தள்ளும் கருவி வேலை செய்தது. அதையும் எதிர்த்து இழுத்தார். விமானத்தில் இருந்த 49 பேரும், விழுந்த வீட்டில் ஒருவரும் இறந்தார்கள்.

இறக்கைகளில் பனி படிந்திருந்தது உண்மை. அந்த அளவு பனியோடு அந்த விமானம் பறக்க முடியும் என்பதும் உண்மை. துணை விமானி முந்தைய இரவு முழுவதும் சியாட்டிலிலிருந்து பயணம் செய்து வேலைக்கு வந்தவர். களைத்த உடல் எச்சரிக்கையை எப்படி வாங்கிக்கொள்ளும் என்பதை யோசித்துப் பாருங்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதால் 2010இல் சட்டம் வந்தது. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு வேண்டும் என்ற விதி அப்படிப் பிறந்ததுதான்.

பெயர் குறிப்பிடாதவர்: எந்த நிறுவனத்தின் சிறிய விமானம் மிகப் பாதுகாப்பானது?

ஓட்டுபவர் யார், அன்றைய வானிலை என்ன என்று சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது.

திருச்சியிலிருந்து ஒருவர்: மேகத்துக்குள் போனால் என்ன ஆகிவிடும்? இருட்டில் கார் ஓட்டுவது போலத்தானே?

காரில் சாலை உங்களைத் தாங்குகிறது. மேகத்துக்குள் அடிவானம் மறைந்ததும், எது மேல் எது கீழ் என்று சொல்ல உள்காதில் இருக்கும் திரவம் மட்டுமே மிஞ்சும். மெதுவாகத் தொடங்கும் சாய்வை அது உணராது. விமானம் சாய்ந்து வட்டமிட்டு இறங்கிக்கொண்டிருக்க, உங்கள் உடல் "நேராகத்தான் போகிறோம்" என்று சத்தியம் செய்யும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி பெறாத 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். எல்லோருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை.

இதற்கு மேகமே வேண்டியதில்லை. 1999 ஜூலை 16 இரவு, ஜான் எஃப். கென்னடியின் மகன் தன் பைப்பர் சரடோகாவில் மனைவியோடும் மனைவியின் சகோதரியோடும் மார்த்தாஸ் வினியார்ட் தீவுக்குப் பறந்தார். நிலவொளி குறைந்த, புகைமூட்டமான கடல். கீழே ஒரு விளக்கு இல்லை. கருவிப் பறப்புக்கான தகுதியை அவர் இன்னும் பெற்றிருக்கவில்லை. மூவரும் இறந்தார்கள். விமானத்தில் தானியங்கி ஓட்டுக்கருவி இருந்தது.

"மூக்கைத் தாழ்த்து" என்று நான் எப்போதும் சொல்லும் மருந்தின் வரிசை இங்கே மட்டும் மாறும். வட்டமிட்டு இறங்கும் விமானத்தில் முதலில் இறக்கைகளைச் சமன் செய்ய வேண்டும். சாய்ந்த நிலையில் பின்னால் இழுத்தால் வட்டம்தான் இறுகும். பார்த்தீர்களா, இங்கும் கொல்வது இழுக்கும் கைதான்.

தாம்பரத்திலிருந்து ஒருவர்: 2016இல் இங்கிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிக் காணாமல் போன விமானப்படை ஏஎன்-32க்கு என்ன ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்?

ஜூலை 22, 29 பேர். ஏழு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2024 ஜனவரியில்தான் சென்னைக் கரையிலிருந்து ஏறக்குறைய 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளின் படங்கள் கிடைத்தன. காரணத்தை ஊகித்து எழுத மாட்டேன். அந்தக் குடும்பங்கள் போதுமான ஊகங்களைக் கேட்டுவிட்டன.

தூத்துக்குடியிலிருந்து ஒரு பாட்டி: என் பேத்தி சென்னையிலிருந்து ஏடிஆர் விமானத்தில் வருகிறாள். அது நேபாளத்தில் விழுந்த விமானமாமே. பஸ்ஸில் வரச் சொல்லவா?

வேண்டாம் அம்மா, விமானத்திலேயே வரட்டும். போக்ராவில் 2023 ஜனவரி 15 அன்று 72 பேர் இறந்தது விமானம் பழுதானதால் அல்ல. மடல்களை இறக்கும் நெம்புகோலுக்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்த நெம்புகோல்களை நகர்த்திவிட்டார்கள். புரொப்பல்லர் இதழ்கள் காற்றுக்கு நேராகத் திரும்பி, உந்துவிசை போய்விட்டது.

ஏடிஆருக்கு இருக்கும் பழைய கவலை பனி. 1994இல் அமெரிக்காவின் ரோஸ்லானில் 68 பேரோடு ஓர் ஏடிஆர் 72 விழுந்தது. பனியை உடைத்துத் தள்ளும் ரப்பர் பட்டைக்கு அப்பால், இறக்கையின் மேல் ஒரு பனி வரப்பு கட்டியிருந்தது. அதன் பிறகு அந்தப் பட்டைகளை அகலமாக்கினார்கள். 2024இல் பிரேசிலின் வின்யேதோவில் 62 பேரோடு சுழன்று விழுந்த ஏடிஆரும் பனி படியும் மேகங்களில்தான் பறந்துகொண்டிருந்தது. சென்னை–தூத்துக்குடி வழியில் அவ்வளவு கடுமையாகப் பனி படிவது அரிது. பேத்திக்குப் பிடித்ததைச் சமைத்து வையுங்கள்.

ஒருவர்: எது பாதுகாப்பான விமானம்? செஸ்னாவா, பைப்பரா?

மேலே பதில் சொல்லிவிட்டேன்.

இன்னொருவர்: விமானத்துக்கே ஒரு பாராசூட் வைத்தால் என்ன?

வைத்திருக்கிறார்கள். சிர்ரஸ் விமானங்களில் முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட் உண்டு. 2002இல் டெக்சாஸில் முதன்முறையாக அது ஓர் உயிரைக் காத்தது. விரிய உயரம் வேண்டும். ஓடுபாதைக்குத் திரும்பும் 400 அடிச் சுழற்சியில் அதை நம்பாதீர்கள். மூக்கைத் தாழ்த்துங்கள்.

சிமுலேட்டரில் பறக்கும் இளைஞர்: மேலேறும்போது 400 அடியில் இன்ஜின் நின்றால் நேராக இறங்கு என்கிறார்கள். நான் சிமுலேட்டரில் பத்துக்கு ஒன்பது முறை ஓடுபாதைக்கே திரும்பிவிட்டேன். ஏன் இதைக் கற்றுத் தருவதில்லை?

தம்பி, இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். இந்த நம்பிக்கையால் செத்தவர்கள் ஏராளம்.

கணக்கைப் பார். 65 நாட் (மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர்) வேகத்தில் 45 பாகை சாய்ந்து திரும்பினால் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 115 மீட்டர். 180 பாகை திரும்பி முடித்ததும் நீ ஓடுபாதைமேல் இருக்க மாட்டாய், அதற்கு இணையாக 230 மீட்டர் தள்ளி இருப்பாய். எனவே இன்னும் திரும்ப வேண்டும், பிறகு மறுபக்கம் திரும்பி நேராக்க வேண்டும். மொத்தம் 270 பாகை என்று வைத்துக்கொள். கிட்டத்தட்ட 16 விநாடி. அந்தச் சாய்வில் விநாடிக்கு 20 அடி போல உயரம் கரையும். திருப்பத்துக்கு மட்டும் 320 அடி. உயரத்தை விட்டுக்கொடுக்காமல் திரும்பப் பார்த்தால் ஸ்டால் வேகம் 19 சதவீதம் கூடி, 65 நாட் வேகத்தை நெருங்கிவிடும். தரை தெரியத் தெரிய உன் கை அதைத்தான் செய்யும்.

இதில் நான் சேர்க்காத ஒன்று இருக்கிறது. இன்ஜின் நிற்கப்போகிறது என்று சிமுலேட்டரில் உனக்குத் தெரியும். உண்மையில் முதல் நான்கைந்து விநாடிகள் "இது நடக்கவில்லை" என்றே மனம் நிற்கும். மூக்கு மேலே தூக்கியிருக்க, வேகம் கரைந்துகொண்டே இருக்கும்.

அதே இளைஞர்: எதிர்க்காற்று இருந்தால் விமானம் ஓடுபாதைக்கு அருகிலேயே இருக்குமே. அதைக் கணக்கில் எடுக்கவில்லையே?

எடுக்கிறேன். திரும்பியதும் அந்தக் காற்று உன் முதுகைத் தள்ளும். தரை வேகமாக ஓடுவதைப் பார்த்து, போதிய வேகம் இருக்கிறது என்று நம்பி மறுபடி இழுப்பாய். ஓடுபாதையை எட்டினாலும் அதன் பாதியில், கூடுதல் வேகத்தில் தொடுவாய்.

கிளைடர் (இன்ஜின் இல்லாத விமானம்) ஓட்டும் அன்பர்: ஐயா சொல்வது மிகை. நானே இன்ஜின் விமானத்தில் இன்ஜின் நின்று திரும்பி இறங்கியிருக்கிறேன்.

எத்தனை அடியில்?

அதே அன்பர்: சுமார் 900.

அப்படியானால் நமக்குள் சண்டையே இல்லை. 900இல் திரும்பலாம், அதுவும் உங்களைப்போல் கிளைடரில் கை பழகியவர் திரும்பலாம். புறப்படுவதற்கு முன்பே "இந்த உயரத்துக்குக் கீழே நேராகத்தான்" என்று ஓர் எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். 400இல் முன்னால் தெரியும் வேலியை இடித்தாலும் இறக்கை பறந்துகொண்டிருக்கும்போது இடிக்க வேண்டும்.

ஒருவர்: இந்தத் தொல்லைக்குத்தானே இரண்டு இன்ஜின்?

இரண்டு இருந்தால் எது நின்றது என்று சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். 2015 பிப்ரவரி 4, தைபேயில் டிரான்ஸ்ஏசியா 235 ஏறும்போது வலது இன்ஜின் விசை இழந்தது. தலைமை விமானி ஓடிக்கொண்டிருந்த இடது இன்ஜினைக் குறைத்தார். 43 பேர் இறந்தார்கள்.

இன்னொருவர்: செஸ்னா நல்லதா, டைமண்ட் நல்லதா?

இதே கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர் ஒருவர்: எல்லாவற்றையும் விமானியின் கையில் போடுகிறீர்கள். எங்கள் கை செய்யும் தவறைச் சொல்லவில்லையே?

நியாயமான குறை. ஒப்புக்கொள்கிறேன். 2003 ஜனவரி 8, அமெரிக்காவின் சார்லட் நகரிலிருந்து கிளம்பிய பீச் 1900டி. அதற்கு முன்பு நடந்த பராமரிப்பில் மூக்கை ஏற்றி இறக்கும் பின்சுக்கானின் கம்பிவடத்தை இறுக்கியபோது அளவைத் தவறாக வைத்துவிட்டார்கள். மூக்கைத் தாழ்த்தும் பக்கம் சுக்கான் முழுதாக நகர முடியாமல் போயிற்று. அதோடு பல முறை பறந்தும்விட்டது. அன்று 19 பயணிகள், பின்பகுதியில் பைகள். ஆளுக்கு இவ்வளவு என்று சராசரி எடை போட்டுக் கணக்குக் காட்டியிருந்தார்கள். உண்மை எடை அதைவிட அதிகம், பாரம் பின்னால். தரையை விட்டதும் மூக்கு எழுந்துகொண்டே போனது. விமானிகள் முன்னால்தான் தள்ளினார்கள். என் மாணவர்களுக்கு நான் கத்திக் கத்திச் சொல்வதை அவர்கள் சரியாகவே செய்தார்கள். விமானம் கேட்கவில்லை. 21 பேர்.

வேலை முடிந்ததும் இன்னொருவரைக் கூப்பிட்டுச் சுக்கானை இரு பக்கமும் கடைசிவரை அசைத்து அளக்கச் சொல்லுங்கள். உங்கள் மேலாளர் நேரமாகிறது என்றாலும் சரி.

பயிற்சி மாணவர்: நாளை மறுநாள் என் முதல் தனிப்பறப்பு. ஒன்றே ஒன்று சொல்லுங்கள் சார்.

எரிபொருளைக் குழாயில் பிடித்துப் பார்க்காமல் ஏறாதே. இரவெல்லாம் பாதித் தொட்டியோடு வெளியே நின்ற விமானத்தில் காற்றின் ஈரம் உள்ளே வியர்த்திருக்கும். மூடி வழியாக மழைநீரும் இறங்கியிருக்கலாம். நீர் கனம், அடியில் தங்கும். ஒவ்வொரு வடிகால் திருகிலும் கண்ணாடிக் குழாயை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்கும். அடியில் நிறமில்லாத ஒரு மணி உருண்டு நின்றால் அது நீர். குழாய் முழுக்க நிறமின்றி இருந்தால் ஏமாந்துவிடாதே, முழுதும் நீராகவும் இருக்கலாம். முகர்ந்து பார். நீர் வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப எடு. நிற்காவிட்டால் அன்று பறக்காதே.

பயிற்றுநர் இறங்கிப் போனதும் விமானம் கனம் குறைந்து சட்டென்று மேலே ஏறும், பயப்படாதே. கடைசித் திருப்பத்தில் ஓடுபாதையைத் தாண்டிவிட்டால் துரத்தாதே. இறக்கையைச் சமன் செய், விசை கொடு, இன்னொரு சுற்று வா. இறங்கியதும் எத்தனை குழாய் எடுத்தாய் என்று எனக்கு எழுது.