ஃபீலிங் டைப் என்றால் கணக்கு வராதா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் போனில் செய்து பார்க்கும், நம் குணத்தை நாலு ஆங்கில எழுத்தில் சொல்லும் பெர்சனாலிட்டி டெஸ்ட் பற்றியவை. அதனால் அவற்றையே சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்க நினைத்திருந்தேன். டெஸ்டில் ஐஎன்எஃப்பி என்று வந்தது. “நீ ஃபீலிங் டைப், உனக்கு லாஜிக் வராது, கலைப்பிரிவுக்குப் போ” என்கிறார்கள் தோழிகள். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு எனக்கு ஏ. மாறிவிடவா?
– மாணவி, தலவாக்கலை

பதில்: மாறாதே தங்கச்சி. கையில் ஏ இருக்கும்போது நாலு எழுத்தைப் பார்த்தா பயப்படுவது? ஐஎன்எஃப்பி என்பது இன்ட்ரோவர்ட், இன்ட்யூஷன், ஃபீலிங், பர்சீவிங் என்பவற்றின் சுருக்கம்தான்.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் பேச்சுத்தான். “ஃபீல் பண்ணாதே” என்றால் கவலைப்படாதே என்று அர்த்தம், “ஒரே ஃபீலிங்கா இருக்கு” என்றால் மனசு சரியில்லை என்று அர்த்தம், அதனால் ஃபீலிங் டைப் என்றதும் எதற்கெடுத்தாலும் கண் கலங்குகிற ஆள் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். 1921இல் இந்த வகைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் சொன்னது அது இல்லை. மனம் நாலு விதமாக வேலை செய்கிறது என்றார்: சிந்தனை, ஃபீலிங், புலனறிவு (சென்சிங்), உள்ளுணர்வு (இன்ட்யூஷன்). இதில் சிந்தனையையும் ஃபீலிங்கையும் ஒரே பக்கத்தில் வைத்து, இரண்டுமே பகுத்தறிவு சார்ந்தவை என்றார். ஏனென்றால் இரண்டும் தீர்ப்புச் சொல்கிற வேலைகள். ‘இது சரியா, ஒன்றோடொன்று பொருந்துகிறதா’ என்று கேட்பது சிந்தனை. ‘இது எவ்வளவு முக்கியம், இதற்கு என்ன பெறுமதி’ என்று கேட்பது ஃபீலிங். கண்ணீருக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் லயத்தில் ஒரு சாவு. தொங்கல் காம்பராவில் இருந்த சித்தி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எல்லோரும் மார்பில் அடித்துக்கொண்டு அழுதபோது, செத்தவரின் இரண்டு பிள்ளைகளும் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதைக் கவனித்து, அடுப்படிக்குக் கூட்டிப் போய் ரொட்டியும் சம்பலும் கொடுத்து, பிள்ளைகள் தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். “கல்நெஞ்சுக்காரி” என்று அன்று சிலர் பேசினார்கள். அந்த நேரத்தில் எது முக்கியம் என்று அளந்து பார்த்த ஒரே ஆள் அவர்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. யுங் சொன்ன ஃபீலிங்குக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்புறம், அந்த நாலும் எல்லோரிடமும் உண்டு. ஒன்று முன்னால் வரும், மற்றவை பின்னால் நிற்கும், அவ்வளவுதான். ஐஎன்எஃப்பிக்குச் சிந்தனை கடைசி இடத்தில் இருக்கிறது என்று தோழிகள் சொல்லியிருப்பார்கள். கோட்பாட்டின்படி அது சரிதான். ஆனால் கடைசியில் இருப்பது தானாக முன்வராதது, இல்லாதது அல்ல. மனம் எந்தப் பக்கம் இயல்பாகச் சாய்கிறது என்பதைத்தான் அந்த எழுத்துகள் சொல்ல முயல்கின்றன, கெட்டித்தனத்தை அவை அளப்பதே இல்லை. இந்த நாலு எழுத்து முறைக்கு மூலமான எம்பிடிஐ டெஸ்டை வெளியிடும் நிறுவனமே, வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அப்படிப்பட்டதை வைத்து நீ ஏன் பாடத்தைத் தெரிவு செய்ய வேண்டும்? இணைந்த கணிதம் உனக்குப் பிடித்திருக்கிறதா, அதை மட்டும் கேட்டுப் பார்.

கேள்வி: தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிறேன். நண்பன் தான் இன்ட்யூஷன் டைப், நடக்கப் போவது தனக்கு முன்னாலேயே தெரியும் என்கிறான். நான் சென்சிங் டைப்பாம், கற்பனையே கிடையாதாம். உண்மையா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: உள்ளுணர்வு என்றால் குறி சொல்வது இல்லை தம்பி. கண்முன் இருப்பதை வைத்து, இது எங்கே போகக்கூடும் என்று மனம் தாவிப் பிடிப்பதுதான் அது, அடிக்கடி தப்பாகவும் போகும். சென்சிங் என்பது இருப்பதை இருக்கிறபடி, ஐம்புலனால் பிடிப்பது.

உங்கள் ஃபெக்டரியிலேயே பாருங்கள். வாட்டப் போட்ட கொழுந்தில் ஒரு பிடி அள்ளி, இறுக்கிப் பிடித்து, கையை விரித்து, அது உதிர்கிறதா உருண்டையாக நிற்கிறதா என்று டீமேக்கர் பார்க்கிறார், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மணக்கிறார். அது புலனறிவு. உடனே ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்துவிட்டு “இன்றைக்கு இது இழுத்தடிக்கும் போல இருக்கே” என்கிறாரே, அது உள்ளுணர்வு. ஒரே மனிதர், ஒரே நிமிடம். இதில் உசத்தி எது, மட்டம் எது? சென்சிங் டைப் என்று சொல்லப்படுகிறவர்களைக் கற்பனை இல்லாதவர்கள் என்று இறக்கிப் பேசுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் ஜே என்று முடிந்தது, இப்போது பி என்று வருகிறது. என் அறையும் குப்பைமேடுதான். அப்படியென்றால் நான் பி தானே?
– வாசகி, ஹட்டன்

பதில்: அந்த ஜே, பி யுங்கின் புத்தகத்தில் கிடையாது. எம்பிடிஐ டெஸ்டை உருவாக்கிய கேத்தரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற அமெரிக்கர்கள் இருவர் பின்னால் சேர்த்தது. தீர்ப்புச் சொல்லும் பக்கத்தை (ஜே) வெளி உலகுக்குக் காட்டுகிறீர்களா, கவனித்து உள்வாங்கும் பக்கத்தை (பி) காட்டுகிறீர்களா என்பதைத்தான் அவர்கள் அதால் குறித்தார்கள். அறையைக் கூட்டுவதற்கும் அதற்கும் தூரம்.

எழுத்து மாறியதற்குக் காரணம் சாதாரணமானது. பெரும்பாலானவர்கள் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம். டெஸ்ட் அந்தக் கோட்டில் ஒரு வெட்டு வெட்டி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்கிறது, இரண்டு கேள்விக்கு வேறு பதில் போட்டால் எழுத்தும் மாறிவிடும். ஆய்வாளர்கள் அதிகம் நம்புகிற ‘பிக் ஃபைவ்’ முறை ஆளைப் பெட்டிக்குள் போடாமல் ஐந்து குணங்களிலும் கூட, குறைய என்று அளவுதான் சொல்கிறது. இன்னொன்று: நாலு எழுத்துக்குப் பின்னால் சிறு கோடு போட்டு ஐந்தாவது எழுத்தும் வந்திருந்தால், நீங்கள் செய்தது யுங் சொன்ன அந்த நாலு வேலைகளை அளக்கிற டெஸ்டே இல்லை.

கேள்வி: மகன் தான் இன்ட்ரோவர்ட் என்று சொல்லித் திருவிழாவுக்கு வர மறுக்கிறான். கூச்சம்தானே இது?
– ஒரு தாய், நுவரெலியா

பதில்: கூச்சம் வேறு அம்மா. கூச்சப்படுகிறவருக்குப் பத்துப் பேர் முன்னால் நிற்கப் பயம். அகமுகமானவருக்கு, அதாவது இன்ட்ரோவர்ட்டுக்கு, பயம் இருக்க வேண்டியதில்லை, அவர் கவனம் இயல்பாக உள்ளே திரும்பும், அவ்வளவே. பையன் மேடையில் நன்றாகப் பேசுகிறவனாகவும் இருக்கலாம். மூன்று நாளும் வா என்று கட்டாயப்படுத்தாமல், தேரன்று மட்டும் வரச் சொல்லிப் பாருங்கள்.