பாகு பூசிய பழம்: முதலில் ஈரத்தைத் துடைத்தீர்களா?

குச்சியில் குத்திய பழத்தைச் சர்க்கரைப் பாகில் முக்கி எடுப்பது பற்றி நீங்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

பாகு பூசிய பழத்தைக் கடித்தால் பல்லில் பசையாக ஒட்டுகிறது. சர்க்கரை சரியில்லையோ?

சர்க்கரை மேல் பழி போடாதீர்கள். பாகை முன்னாலேயே இறக்கிவிட்டீர்கள். 140 டிகிரியில் இறக்கினால் ஜவ்வாகத்தான் இழுக்கும். 150 வர வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையா, ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டுப் பாருங்கள். வளைந்தால் இன்னும் கொதிக்கட்டும், டக்கென்று ஒடிந்தால் இறக்கலாம். கம்பிப் பதம், உருட்டுப் பதமெல்லாம் இதற்குப் போதாது. தண்ணீர் வற்ற வற்றச் சூடு வேகமாக ஏறும், அதனால் கடைசி நிமிடங்களில் அடுப்பை விட்டு நகராதீர்கள். 160ஐத் தாண்டினால் மஞ்சளாகும், அப்புறம் கசக்கும்.

பாகு மணல் மணலாகப் பூத்துவிட்டது.

கரண்டி போட்டிருப்பீர்கள். இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர். கரையும் வரை கிண்டலாம், கொதி வந்த பிறகு தொடவே கூடாது. பாத்திர ஓரத்தில் ஒட்டிய பரல் ஒன்று உள்ளே விழுந்தாலும் மொத்தமும் பூத்துவிடும். ஈரப் பிரஷ்ஷால் ஓரத்தைத் துடைத்துவிடுங்கள். ஒரு கரண்டி லிக்விட் குளுக்கோஸ் சேர்த்தால் பயம் குறையும். பூத்த பாகை வீணாக்க வேண்டாம், தண்ணீர் விட்டுக் கரைத்து மறுபடி காய்ச்சுங்கள்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன், சரியாக வரவில்லை. ஏன்?

என்ன பழம், எத்தனை டிகிரி, ஒட்டியதா, வழிந்ததா, ஒன்றும் எழுதவில்லை. இதற்கு நான் எப்படிப் பதில் சொல்வது? பழத்தில் ஈரம் இருந்திருக்கலாம். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

தர்பூசணித் துண்டில் செய்யலாமா?

வேண்டாம். வெட்டிய இடத்தில் சாறு கசிந்து பூச்சைக் கரைத்துவிடும். முழுத் திராட்சை, முழு ஸ்ட்ராபெர்ரி, தோல் கிழியாத ஆரஞ்சுச் சுளை நல்லது. எதுவானாலும் கழுவித் துடைத்து, அரை மணி நேரம் காற்றாட வையுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு முழுத் திராட்சை கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

சர்க்கரைக்குப் பதில் தேன்?

மொறுமொறுப்பாக இறுகாது. தேனில் உள்ள பிரக்டோஸ் என்ற சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பேப்பர் கப்பில் சர்க்கரையும் தண்ணீரும் ஊற்றி மைக்ரோவேவில் வைத்தால் சில நிமிடத்தில் பாகு தயார் என்று வீடியோவில் பார்த்தேன். என் 11 வயது மகன் தானே செய்கிறேன் என்கிறான். விடலாமா?

விடாதீர்கள். இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை, ஒவ்வொரு முறையும் எனக்குப் பதறுகிறது. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி, பாகு 150. தண்ணீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். உதறினாலும் போகாது. என் விரல் நுனியில் ஒரே ஒரு சொட்டு பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

பேப்பர் கப்பின் உள்பூச்சு பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், பாகின் சூட்டுக்கு அது தாங்காது. பிளாஸ்டிக் டம்ளரைச் சொல்லவே வேண்டாம். வெளியே எடுக்கும்போது இளகி, கையிலேயே கொட்டும். கனமான சின்னப் பாத்திரம், அடுப்பு, பெரியவர் ஒருவர் பக்கத்தில்: பாகு காய்ச்ச இதுதான் வழி. மகனைப் பழம் துடைத்துக் குச்சியில் குத்தச் சொல்லுங்கள், முக்கியமான வேலையே அதுதான்.

மீறிப் பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். ஐஸ், பற்பசை எதுவும் வேண்டாம். கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

முதல் நாள் இரவே செய்து ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

கூடாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததுமே வேர்த்துப் பிசுபிசுக்கும். வெளியே வைத்தாலும் ஒன்றிரண்டு மணி நேரம்தான். பழத்தை மட்டும் முன்பே துடைத்து வையுங்கள். ஈரம் இருக்கக் கூடாது.

பாத்திரத்தில் பாகு கல்லாக ஒட்டிக்கொண்டது.

சுரண்டாதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வையுங்கள், கரைந்துவிடும்.