ஜப்பான் காருக்கு இரண்டாவது திறப்பு: கேட்டவையும் சொன்னவையும்

யாழ்ப்பாணத்தில் 18 வருடமாகத் திறப்பு (சாவி) வெட்டுகிறேன். முதலில் வீட்டுப் பூட்டு, சைக்கிள் பூட்டு. பிறகு வான், இப்போது பெரும்பாலும் ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த கார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. கார் கைமாறும்போது இரண்டாவது திறப்பு யாருடையதோ ஒரு லாச்சிக்குள் தங்கிவிடும். அதனால்தான் இவ்வளவு கேள்வி. வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அண்ணா, 2014 ரொயோட்டா அக்குவா. வாங்கேக்க ஒரு ஸ்மார்ட் கீதான் தந்தவை. அது நல்லா வேலை செய்யுது. இப்பவே இன்னொண்டு செய்ய வேணுமா, துலைஞ்சால் பிறகு பாப்பமா? (கோப்பாய்)

இப்பவே செய்யுங்கோ தம்பி. வேலை செய்கிற திறப்பு ஒன்று கையில் இருந்தால், புதியதைக் காருக்கு அறிமுகப்படுத்தும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். டாஷ்போர்ட்டுக்குக் கீழே, காரின் கொம்பியூட்டரோடு பேசுகிற ஓ.பி.டி. துளையில் திறப்புப் பதிகிற மெஷினைக் கொழுவி, பழையதைக் காட்டி, புதியதைக் காட்டினால் முடிந்தது. தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம்.

ஒன்றுமே இல்லை என்றால் கதை வேறு. முதலில் கதவைத் திறக்க வேண்டும். கதவுப் பூட்டின் உள்ளே உள்ள படிகளை வாசித்துத் திறப்பின் இரும்பு அலகை வெட்ட வேண்டும். அதற்குப் பிறகு காரின் நினைவில் உள்ள பழைய திறப்புகளை அழித்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். ரொயோட்டாவில் கம்பனி முறைப்படி இந்த அழிப்பைச் செய்தால் 16 நிமிடம் சும்மா காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் காரின் பற்றரி இறங்கினால் மறுபடி முதலில் இருந்து. காரை என்னிடம் கொண்டுவரவும் முடியாது, நான்தான் அது நிற்கிற இடத்துக்கு வர வேண்டும். முதல் வேலைக்கு ஒரு பங்கு வாங்கினால் இரண்டாவதற்கு மூன்று பங்கு வாங்குகிறேன், அதிலும் எனக்குப் பெரிய இலாபம் இல்லை.

கொழும்பில ஒரு இடத்தில 17 எழுத்து சேசிஸ் நம்பர் கேட்டினம். என்ர கார்ப் பதிவுப் புத்தகத்தில அப்பிடி இல்லை. கள்ளக் காரா? (வவுனியா)

கள்ளக் கார் இல்லை, பயப்பட வேண்டாம். 17 எழுத்து எண் ஐரோப்பா, அமெரிக்கா போகிற கார்களுக்கு. ஜப்பான் தன் சொந்தச் சந்தைக்குச் செய்கிற கார்களில் மாடல் குறியும் அதன் பின் ஒரு தொடர் எண்ணும் மட்டும் இருக்கும். அக்குவா என்றால் என்.எச்.பி.10, பிரியஸ் என்றால் இசட்.வி.டபிள்யூ.30, ஃபிட் ஹைபிரிட் என்றால் ஜி.பி.5, ஸ்டிங்ரே வாகன் ஆர் என்றால் எம்.எச்.34.எஸ். திறப்புச் செய்கிறவருக்கு அந்த முன் பாதியே போதும். "என்ன கார்?" என்று கேட்டால் "வெள்ளை வாகன் ஆர்" என்று சொல்லாமல் இந்தக் குறியைச் சொல்லுங்கோ. எம்.எச். 34-க்கும் 44-க்கும் 55-க்கும் வாங்க வேண்டிய திறப்பு ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை.

லண்டனில இருக்கிற மச்சான் அடுத்த மாதம் வாறார். அங்க ஹொண்டா ஜாஸ் திறப்பு மலிவாம். எங்கட ஃபிட்டும் ஜாஸும் ஒரே கார்தானே, கொண்டுவரச் சொல்லவா? (மானிப்பாய்)

கார் ஒன்றுதான் அக்கா, அது பேசுகிற அலைவரிசை வேறு. ஜப்பான் கார்களின் ரிமோட் 312 முதல் 315 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் பேசும். இங்கிலாந்து, ஐரோப்பாக் கார்கள் 433-இல். மெஷின் போட்டு மாற்றலாமா என்று கேட்பார்கள். அது திறப்புக்குள் உள்ள மின்பலகையில் பொருத்திய உறுப்பைப் பொறுத்தது, கம்பனித் திறப்பில் மாற்ற முடியாது. கனடாவில் இருந்து வருகிற திறப்பு பெரும்பாலும் 315-இன் பக்கம். பக்கத்து எண்தானே என்று ஒருவர் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுக் கேற்றைத் தட்டினால் எங்கள் வீடு திறக்குமா? மச்சானிடம் சொக்கிலேட் கொண்டுவரச் சொல்லுங்கோ.

கொழும்பு பஞ்சிகாவத்தைப் பாகக் கடையில, வேற காரில இருந்து கழட்டின அக்குவா ஸ்மார்ட் கீ கிடக்கு, புதுசை விட அரைவாசி விலை. வாங்கலாமா? (மட்டக்களப்பு)

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாரம் ஒருவராவது இப்படி ஒரு திறப்போடு கடைக்கு வருகிறார்.

ஸ்மார்ட் கீ ஒரு காரில் பதிவானால் அந்தக் காரோடு கலியாணம் முடிந்த மாதிரி. திறப்புக்குள்ளேயே பூட்டு விழுந்துவிடும். வேறு காரில் போட்டால் மெஷின் ஏற்றுக்கொள்ளாது. அதைத் திரும்பக் "கன்னி"யாக்கும் கருவிகள் உண்டு, சில பலகைகளுக்குச் சரிவரும், சிலவற்றுக்கு வராது. சரிவருமா என்று பார்ப்பதற்கே திறப்பைப் பிரித்துப் பலகையில் உள்ள எண்ணை வாசிக்க வேண்டும். வெளி உறை ஒரே மாதிரி, பொத்தான்கள் ஒரே மாதிரி, உள்ளே வேறு தலைமுறை. ஆகவே கழற்றிய திறப்பை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், உங்கள் திறப்பின் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போங்கோ. "வேலை செய்யாவிட்டால் காசு திரும்ப" என்று கடைக்காரர் பில்லில் எழுதித் தந்தால் மட்டும் வாங்குங்கோ. வாய்ச்சொல் பஞ்சிகாவத்தையில் இருந்து ஓட்டமாவடி வரைக்கும் தாங்காது.

பழைய, கையால் திருகுகிற, தலைக்குள் சின்ன மின்னணுத் துண்டு (சிப்) உள்ள திறப்பில் நிலைமை கொஞ்சம் இலகு. அதில் பல சிப்புகளை அப்படியே பிரதி எடுக்கலாம். கார் இரண்டையும் ஒரே திறப்பென்றே நினைக்கும், பதிவு செய்யும் வேலையே இல்லை. ஸ்மார்ட் கீயில் அந்தக் குறுக்குவழி கிடையாது.

விட்ஸ் திறப்பின்ர கோது உடைஞ்சு போச்சு. புதுக் கோது வாங்கி, உள்ளுக்கு இருந்த போர்டை மாத்தி, அலகையும் மாத்தினன். ரிமோட்டுக்குக் கதவு திறக்குது, எஞ்சின் ஸ்டார்ட் ஆகுதில்லை. (சாவகச்சேரி)

பழைய கோதை எறிந்துவிட்டீர்களா? எறிந்திருந்தால் உடனே குப்பை வாளியைப் பாருங்கோ, உண்மையாகத்தான் சொல்கிறேன். உங்கள் எஞ்சினை ஓடவிடுவது அந்தப் போர்ட் இல்லை. கோதின் தலைப்பக்கத்தில் ஓரமாக ஒட்டிக் கிடக்கிற, அரிசிப் பொரியை விடச் சின்னக் கறுப்புத் துண்டு. அதுதான் சிப். அதற்குப் பற்றரி கிடையாது, திறப்புத் துளையைச் சுற்றி இருக்கிற வளையம் கொடுக்கிற சக்தியில் ஒரு கணம் விழித்து, தன் எண்ணைச் சொல்லிவிட்டுப் படுத்துவிடும். ரிமோட் போர்ட் கதவுக்கு மட்டும். அந்தத் துண்டைப் பதமாகக் கெல்லி எடுத்துப் புதுக் கோதில் வைத்தால் சரி. கத்தியால் அழுத்தி உடைத்துவிடாதேங்கோ. குப்பை வண்டி வந்து போய்விட்டது என்றால் எனக்கு அடியுங்கோ.

டொல்பின் வான், எல்.எச்.113. இதுக்கும் கொம்பியூட்டர் வேணுமா? (கிளிநொச்சி)

வேண்டாம். சிப்பே இல்லாத காலத்து வான் அது. இரும்பை வெட்டினால் போதும். ஆனால் தேய்ந்த திறப்பைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்து பிரதியாகும். இரண்டாவது திறப்பு முதல் நாளிலேயே கிழவனாக வரும். வீட்டில் குறைவாகப் பாவித்த திறப்பு இருந்தால் அதைக் கொண்டுவாங்கோ. வாங்கும்போது திறப்போடு ஐந்து இலக்கம் அடித்த சின்னத் தகரத் துண்டு வந்திருந்தால் அது இன்னும் நல்லது. அந்த எண்ணைக் கொண்டு தொழிற்சாலை அளவிலேயே வெட்டலாம்.

உங்கள் வாகனத்தில் சிப் இருக்கிறதா என்று சந்தேகம் உள்ள மற்றவர்கள் ஒரு சோதனை செய்யலாம். சாப்பாடு சுற்றுகிற வெள்ளித் தாளைத் திறப்பின் தலையில் இறுக்கிச் சுற்றி, அலகை மட்டும் வெளியே விட்டு ஸ்டார்ட் பண்ணுங்கோ. வழக்கம்போல் ஓடினால் பெரும்பாலும் சிப் இல்லை.

ஃபிட்டுக்கு மூன்றாவது திறப்பு ஒரு இடத்தில செய்தம். வீட்டுக்கு வந்து பாத்தால் மனிசியின்ர திறப்பு வேலை செய்யேல்லை! ஏமாத்திப் போட்டினமா? (நெல்லியடி)

ஏமாற்றவில்லை, கேட்க மறந்துவிட்டார்கள். பதிவு செய்கிற நேரத்தில் முன்னால் இல்லாத திறப்பைக் காரின் பட்டியலில் இருந்து தூக்கிவிடுகிற முறை ஹொண்டாவில் உண்டு. அந்த முறையில் செய்யும்போது மனைவியின் திறப்பு வீட்டு அலுமாரியில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். திறப்பு பழுதாகவில்லை. மூன்றையும் கொண்டுபோய்த் திரும்பப் பதியச் சொல்லுங்கோ. இதே பிழையைத் தொழில் தொடங்கின காலத்தில் நானும் விட்டேன். பரந்தனில் இருந்து வந்த ஐயா ஒருவர் திரும்பவும் அவ்வளவு தூரம் ஓடி வந்தார். அன்றிலிருந்து கார் உள்ளே வரும்போதே என் முதல் கேள்வி, "வேறு திறப்பு இருக்கா?"

பழைய சொந்தக்காரரிட்ட இன்னொரு திறப்பு இருக்குமோ எண்டு பயம். (கொழும்பு, வெள்ளவத்தை)

மேலே சொன்ன குறைதான் உங்களுக்கு நன்மை. கையில் உள்ளவற்றை மட்டும் வைத்து மற்றவற்றை அழிக்கச் சொன்னால், அவரிடம் இருக்கிற திறப்பால் காரை ஓட்ட முடியாது. ஆனால் அதன் இரும்பு அலகு கதவைத் திறக்கும், அதை மெஷினால் அழிக்க முடியாது. மடிக்கணினியை சீற்றில் விட்டுவிட்டுப் போகாதேங்கோ.

காலமை ஸ்மார்ட் கீ செத்துப் போச்சு. பொத்தானை அமத்தினால் ஒண்டும் நடக்கேல்லை. புதுசு வேணுமா? (மன்னார்)

பொறுங்கோ. முதலில் திறப்பில் உள்ள சின்னச் சிவப்பு வெளிச்சம் எரிகிறதா? எரிந்தால் திறப்பு உயிரோடுதான், பெரும்பாலும் செத்தது காரின் 12 வோல்ட் பற்றரி. அக்குவாவில் அது பின் சீற்றுக்குக் கீழே கிடக்கும். நாள்கணக்கில் ஓடாமல் நிறுத்தி வைத்தால் படுத்துவிடும்.

வெளிச்சம் எரியாவிட்டால் திறப்புப் பற்றரி. அக்குவாவுக்கு சி.ஆர். 1632. கடையில் இல்லை என்று 1620 தருவார்கள், அகலம் ஒன்றுதான், ஆனால் மெல்லியது. இன்று பிடிக்கும், நாளைக்கு விடும்.

அவசரமாகப் போக வேண்டும் என்றால், திறப்புக்குள் ஒளிந்திருக்கிற இரும்பு அலகை இழுத்து எடுத்துக் கதவைத் திறவுங்கோ. பிரேக்கை மிதித்தபடி, திறப்பின் ரொயோட்டாச் சின்னம் உள்ள பக்கத்தை ஸ்டார்ட் பொத்தானில் முட்டுங்கோ. ஒரு சத்தம் கேட்கும். அப்போது பொத்தானை அமத்தினால் ஓடும். இதைத் தெரியாமல் இழுவை வண்டிக்குக் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கசூரினா கடலில சேட் பொக்கற்றுக்குள்ள திறப்போட குளிச்சிட்டன். (காரைநகர்)

உடனே பற்றரியைக் கழற்றுங்கோ. நல்ல தண்ணியில் அலசி, பிரித்து நிழலில் காயவிடுங்கோ. உப்போடு காயவிட்டால் பலகை பச்சை பூத்துவிடும். பொத்தானை அமத்தி அமத்திச் சோதிக்காதேங்கோ. சாதாரண சிப் திறப்பு என்றால் சிப்புக்குக் கடல் ஒன்றும் செய்யாது.

பென்ஸ்? (பெயர், ஊர் போடவில்லை)

ஏஜெண்டிடம் போங்கோ. என் கடையில் செய்வதில்லை.

ஒரு திறப்பு வெட்ட வந்த எங்களிட்ட புத்தகமும் அடையாள அட்டையும் கேக்கிறீங்கள். நாங்கள் கள்ளரா? (சுன்னாகம்)

நீங்கள் கள்ளர் இல்லை அண்ணை. உங்கள் காரின் படத்தைக் காட்டி நாளைக்கு வேறொருவர் வந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? லீசிங்கில் இருந்தால் புத்தகத்தின் பிரதி போதும். ஒன்றும் கேட்காமல் வெட்டித் தருகிற கடை இருந்தால், அங்கே உங்கள் காரை விடாமல் இருப்பது நல்லது.

அண்ணா, கோப்பாய்த் தம்பிதான் திரும்பவும். இரண்டாவது திறப்பைச் செய்தால் எங்க வைக்கிறது? காருக்குள்ள ஒளிச்சு வைக்கலாமா?

வேண்டாம். ஸ்மார்ட் கீ உள்ளே இருந்தால் நீங்கள் உள்ளே இருக்கிறதாகவே கார் நினைக்கும். கண்ணாடியை உடைத்து ஏறுகிறவன் பொத்தானை அமத்தினால் போய்விடுவான். கார் நிற்கிற சுவருக்கு மறுபக்கத்தில் கொழுவி வைத்தாலும் திறப்பும் காரும் இரவிரவாகப் பேசிப் பற்றரியைத் தின்னும். வீட்டின் மற்ற அந்தத்தில் வையுங்கோ. கார் வெளியூர் போகிற நாளில் அது வேறொருவரின் கையில் இருக்கட்டும். இரண்டு திறப்பையும் ஒரே வளையத்தில் கோர்த்துக்கொண்டு திரிகிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, சிப் இல்லாத வெறும் அலகு ஒன்று சேர்த்து வெட்டித் தரச் சொல்லுங்கோ. கார் ஓடாது, கதவு மட்டும் திறக்கும். திறப்பை உள்ளே விட்டுக் கதவு பூட்டுப்படுகிற அன்று, பேர்சுக்குள் கிடக்கிற அந்தத் தகட்டுக்குத்தான் வேலை. வரும்போது பழைய திறப்போடு வாங்கோ, வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் வேண்டாம்.