தக்கலை அக்காவுக்கு: முதலில் கழிப்பறை விஷயம்

அக்கா, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனைப் 'பொம்பளப் பிள்ளை' என்று கேலி செய்கிறார்கள், அதற்குப் பயந்து சாயங்காலம் வரை சிறுநீரை அடக்கிக்கொண்டு வருகிறான், வகுப்பாசிரியரோ 'நாகர்கோவிலில் டாக்டரிடம் காட்டிச் சரிபண்ணுங்கள்' என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

டாக்டர் யோசனையை விடுங்கள். ஒருவரின் பாலின அடையாளத்தையோ, யார்மேல் ஈர்ப்பு என்பதையோ இப்படி 'மாற்றும்' முயற்சிகளைத் தடை செய்யும்படி 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். மறு ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்றது.

அவசரம் கழிப்பறைதான். ஆசிரியர்களுடையதைப் பயன்படுத்தவோ, பாட வேளையில் தனியாகப் போய்வரவோ தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். எழுதியே கொடுங்கள், நகலில் கையெழுத்தும் வாங்குங்கள். என் சித்தி மகனுக்கு வாயால் தந்த வாக்கு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. தாளைப் பார்த்த பிறகுதான் அசைந்தார்கள். அப்படியும் நடக்காவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழு, அப்புறம் கல்வித் துறையின் உதவி எண் 14417. அடி, மிரட்டல் என்றால் யோசிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098.

மனுவில் கேலியையும் கழிப்பறையையும் மட்டும் எழுதுங்கள். அவன் யார் என்பதை அவனே சொல்லட்டும், சொந்தக்காரர்கள் எத்தனை பேர் துருவினாலும் சரி. இன்றைக்கு, வகுப்பில் யார் பக்கத்தில் உட்காரப் பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அந்த இடமாற்றத்தை வகுப்பாசிரியரே நாளைக்குச் செய்துவிடலாம்.