‘அவருக்கு மட்டும் ஏன்?’ என்று கேட்பவர்களுக்கு என்ன பதில்?

கேள்வி: சிங்கப்பூரின் ஜூரோங்கில் உள்ள ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். செவித்திறன் குறைந்த ஊழியர் ஒருவருக்காக, காலைக் கூட்டத்தில் சொல்லும் அறிவுறுத்தல்களை வெள்ளைப்பலகையிலும் எழுதத் தொடங்கினோம். ‘அவருக்கு மட்டும் ஏன் சலுகை?’ என்று மூத்த ஊழியர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அனைவரையும் அரவணைப்பது பற்றிய பயிற்சிக்கும் வர மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இத்தனை ஆண்டுகள் உழைத்தும் தங்கள் சிரமத்தை எவரும் விசாரிக்கவில்லையே என்ற மனத்தாங்கல்தான் பல வேளைகளில் ‘சலுகை’ என்ற சொல்லாக வெளிப்படுகிறது. ஆகவே, வகுப்பில் உட்காரவைப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியே பேசுங்கள். முதுகுவலியால் அவதிப்படும் ஒருவர் பாரம் தூக்கும் வேலையை மாற்றித் தரக் கேட்டால், அதையும் அதே அக்கறையோடு பரிசீலியுங்கள். பாரந்தூக்கி வண்டியின் இரைச்சலில் பாதிச் சொற்களைத் தவறவிடும் மற்றவர்களுக்கும் அந்தப் பலகை உதவுகிறது என்பதை அவர்களே கவனிக்கட்டும்.

ஆனால் கேலி செய்வதையும் தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், பணியமர்த்தல், பதவி உயர்வு, பணிநீக்கம் ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடுப்பதோடு, புகார்களை விசாரிக்க நிறுவனங்கள் முறையான ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. (25 பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்குண்டு.) எவற்றைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அச்சட்டம் சொல்கிறதோ, அவற்றில் உடற்குறையோடு வயதும் இடம்பெற்றிருப்பதை உங்கள் மூத்த ஊழியர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.