மாடு பிடிக்கப் பலம் வேண்டுமா?

கேள்வி: பிளஸ் டூவில் உயிரியல் படிக்கிறேன். வீட்டில் ஆடு வளர்க்கிறோம். கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. நீட் எழுத வேண்டுமா? ‘மாடு பிடிக்கப் பெண்பிள்ளைக்குப் பலம் ஏது?’ என்கிறார் பெரியப்பா.
- ஒரு மாணவி, மணப்பாறை

பதில்: முதலில் பெரியப்பாவுக்கு. மாட்டைப் பிடித்து நிறுத்துவது மூக்கணாங்கயிறும் மரச்சட்டமும்தான். டாக்டரின் புஜம் அல்ல. கன்று தலை திரும்பிக் கிடக்கும் பிரசவத்தில் முரட்டுத்தனமாக இழுப்பவர் தாயின் கருப்பையையே கிழித்துவிடுவார். கன்றை உள்ளே தள்ளி, தலையை நேராக்கி, மாடு முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும். மெல்லிய, நீண்ட கை அங்கே வரம். என் வகுப்பில் இதில் கெட்டிக்காரர் ஒல்லியான ஒரு தோழிதான்.

மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டாம்; பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சேர்க்கிறது. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்குத்தான் நீட். அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு.

படிப்பு ஐந்தரை ஆண்டுகள். கடைசி ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. உடற்கூறியல்தான் பலரை விழி பிதுங்க வைக்கும். எம்.பி.பி.எஸ். மாணவருக்கு ஒரே உடல். உங்களுக்கு மாடு, குதிரை, நாய், கோழி எல்லாம். குதிரைக்குப் பித்தப்பை இல்லை, மாட்டுக்கு மேல் முன்பற்கள் இல்லை. (வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்காத பேராசிரியரை நான் பார்த்ததில்லை.) நாய்க்குட்டியைக் கொஞ்சும் ஆசையில் மட்டும் வருகிறவர்கள் பிரேதப் பரிசோதனையில் திகைத்துப்போகிறார்கள். ஆட்டுக்குக் குடற்புழு மருந்து ஊற்றியிருப்பீர்களே, உங்களுக்கு அந்தக் கூச்சம் இருக்காது. விண்ணப்பம் இணையவழியில்தான், பிளஸ் டூ முடிவு வரும் சமயத்தில் பல்கலைக்கழக அறிவிப்பைக் கவனியுங்கள்.