விமானம் ஓட்டத்தான் வேண்டுமா, அம்மா?

சாவகச்சேரியில் இருந்து ஒரு அம்மா மகனோடு வந்திருந்தார். உயர்தரம் கணிதப் பிரிவு முடிந்துவிட்டது, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி எட்டவில்லை. கனடாவில் இருக்கிற மாமா, "பைலட்டுக்கு விடுங்கோ, அரைவாசி நான் தாறன்" என்கிறாராம். மிச்சத்துக்குக் காணி உறுதியை ஈடு வைக்கலாமா என்று கேட்டார்.

வேண்டாம் அம்மா. உறுதி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். வர்த்தக விமானி உரிமத்துக்கு வழமையாக 200 மணித்தியாலம் பறக்க வேண்டும், ஒவ்வொரு மணித்தியாலமும் காசு. அப்புறம் எந்த ரக விமானத்தை ஓட்டுவதோ அதற்குத் தனிப் பயிற்சி, தனிக் காசு. எல்லாம் கட்டிய பிறகும் வேலைக்கு உத்தரவாதம் இல்லை. மாமாவின் அரைவாசி நடுவில் நின்றால் கடன் உங்கள் தலையில்தான்.

தம்பி அவ்வளவு நேரமும் வாய் திறக்கவில்லை. பைலட் பேச்சு முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டான்: "ஹவாயில ஒரு பிளேனின்ர கூரை பிய்ஞ்சு போனது, அதை ஏன் முதலே கண்டுபிடிக்கேல்லை?"

1988 ஏப்ரல் 28 அன்று நடந்த அலோஹா விமான நிறுவனத்தின் 243ஆம் இலக்கப் பறப்பின் விபத்தைத்தான் சொல்கிறான். போயிங் 737, வயது 19. 24,000 அடி உயரத்தில் முன்பக்கக் கூரை 18 அடி நீளத்துக்குப் பிய்ந்தது. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுபட்டு இறந்தார். மற்றவர்களோடு விமானத்தை விமானிகள் மாவி தீவில் இறக்கிவிட்டார்கள். அந்த விமானம் தீவுக்குத் தீவு 89,680 தடவை பறந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் உள்ளே அழுத்தம் ஏற உடல் விரியும், இறங்கச் சுருங்கும். கட்டுக்கம்பியை வளைத்து வளைத்து அறுப்பதுபோலத்தான். தகடுகளை ஒட்டிய பசை விட்டுப்போக, பாரம் முழுக்க ரிவெட், அதாவது தகடுகளைப் பிணைக்கும் ஆணி, போகும் துளைகளில் ஏறியது. உப்புக்காற்று அரிப்பும் சேர, துளைக்குத் துளை வந்த சிறு வெடிப்புகள் ஒன்றோடொன்று இணைந்துவிட்டன. ஏறும்போதே வெடிப்பைக் கண்ட ஒரு பயணி பேசாமல் இருந்துவிட்டார்.

அந்த வெடிப்பைத் தேடுவதே ஒரு தொழில். என்டிடி என்பார்கள்: பொருளை உடைக்காமல் உள்ளே இருக்கும் பழுதைப் பார்ப்பது. பேனை போன்ற ஒரு முனையை ரிவெட்டைச் சுற்றி நகர்த்துவார்கள். அதிலுள்ள கம்பிச்சுருள் அலுமினியத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். வெடிப்பு குறுக்கிட்டால் மின்னோட்டம் குலையும், திரையில் கோடு துள்ளும். வண்ணச் சாயம், மீயொலி, எக்ஸ்ரே என்று வேறு முறைகளும் உண்டு. முதலாம் நிலைக்காரர் மேற்பார்வையில் சோதிப்பார், இரண்டாம் நிலைக்காரர் முடிவு சொல்வார், மூன்றாம் நிலைக்காரர் சோதிக்கும் முறையையே எழுதுவார். வருடாவருடம் கண் பரிசோதனை உண்டு. எண்ணெய்க் குழாய், கொதிகலன், பாலம் எல்லாவற்றுக்கும் இந்த ஆட்கள் வேண்டும். விமானம் கைகூடாவிட்டாலும் படித்தது வீண்போகாது.

சொகுசான வேலை என்று சொல்லமாட்டேன். சாரத்தில் ஏறி நின்று, பெரும்பாலும் இரவில், ரிவெட் ரிவெட்டாகப் பார்க்க வேண்டும். நூறு பார்த்து ஒன்றிலும் வெடிப்பு இல்லையென்றால், அடுத்ததிலும் இராது என்று மனம் சொல்லும். அந்த நேரத்திலும் கை நிதானமாக நகர வேண்டும். உங்கள் மகன் கேட்ட கேள்வியைப் பார்த்தால் அவனுக்கு இது சரிவரும்.

இலங்கை அணுசக்திச் சபையின் கீழ் களனியில் இதற்கென ஒரு தேசிய நிலையம் இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். பாடம் ஆங்கிலத்தில்தான் வரும், ஆங்கிலம் படிக்க இன்றைக்கே தொடங்கட்டும். விமானங்களைச் சோதிப்பதற்கான சான்றை வேலை கொடுப்பவர்தான் தருவார். ஆகவே குறுகிய பயிற்சியை முடித்தால் விமான நிறுவனத்தில் வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் காசு கட்டாதீர்கள். செய்முறைப் பயிற்சி எத்தனை மணித்தியாலம், யாரின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். மாமாவுக்கு அடுத்த அழைப்பைத் தம்பியே எடுக்கட்டும்.